டி-மேக்ஸ் முன்பக்கத்தை உயர்த்திய பிறகு ‘டக்’ என்ற ஓசை

செராஸ்வாசி:
வணக்கம். என்னிடம் 2008ஆம் ஆண்டு இசுசு டி-மேக்ஸ் ஃபோர்வீல் பிக்கப் வண்டி உள்ளது. உலு லங்காட் பக்கத்துச் செம்மண் பாதைகளில் முன்பக்கம் தரையில் இடித்துக்கொண்டே இருந்ததால், சென்ற மாதம் ஒரு பட்டறையில் டோர்ஷன் பாரை (முன்சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் எஃகுத் தண்டை) முறுக்கி, ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் உயர்த்திக்கொண்டேன். புதிய பாகம் எதுவும் மாற்றவில்லை. அன்று முதல், வேகத்தடையைத் தாண்டி இறங்கும்போதெல்லாம் ‘டக்’ என்று ஓசை கேட்கிறது. பார் இறுகியதால் சஸ்பென்ஷன் கடினமாகிவிட்டது, போகப் போகச் சரியாகும் என்கிறார் பட்டறைக்காரர். நீளமான அப்சோர்பர் (அதிர்வு தணிப்பான்) போட்டால் தீருமா?

பட்டர்வொர்த் மெக்கானிக்:
முறுக்குவதால் பாரின் விறைப்பு மாறுவதில்லை. வண்டி நிற்கும் உயரம் மட்டுமே மாறுகிறது. சக்கரம் மேலே போவதற்கும் கீழே இறங்குவதற்கும் சேர்த்து இருக்கும் மொத்த அசைவு முன்பு எவ்வளவோ அவ்வளவுதான் என்பதால், உயர்த்திய ஒவ்வொரு மில்லிமீட்டரும் கீழே இறங்கும் பங்கிலிருந்துதான் கழிகிறது. நீங்கள் கேட்கும் ஓசை, மேல் ஆர்ம் (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் மேல் கை) சக்கரம் இறங்கும்போது தன் ரப்பர் தடுப்பில் போய் முட்டுவதாக இருக்கலாம். அந்தத் தடுப்பு இருக்கும்வரை நீளமான அப்சோர்பர் வீண் செலவு.

சமதரையில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு சேசிஸை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்கள் தொங்கும் நிலையில் மீண்டும் அளந்தால், கிடைக்கும் வித்தியாசமே மிச்சமிருக்கும் இறக்கம்.

கோம்பாக் பயணி:
ஓசையைவிட, முன்சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்டைத்தான் முதலில் குனிந்து பாருங்கள். டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பற்சக்கரப் பெட்டி) சேசிஸோடு சேர்ந்து உயர்ந்துவிடும், சக்கரமோ தரையிலேயே இருக்கும் என்பதால் ஷாஃப்டின் ஜாயிண்டின் கோணம் கூடிவிடுகிறது. என் வண்டியில் அதன் ரப்பர் உறை மடிப்பில் உரசிக் கிழிந்து, ஜண்டா பாய்க்கில் கிரீஸ் வெளியேறிச் சேறு உள்ளே புகுந்துவிட்டது. உறையோடு போக வேண்டிய செலவு ஜாயிண்ட் வரை போனது. (ஜிம்னி போன்ற, இரு சக்கரங்களையும் டிஃபரன்ஷியலையும் ஒரே அச்சில் இணைத்த முழு ஆக்ஸில் வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஸ்பிரிங்கை உயர்த்தினாலும் டிஃபரன்ஷியல் உயராது. அதற்குப் பெரிய டயர்தான் வழி.)

உயர்த்தியபின் அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணம்) பார்த்தீர்களா? காஸ்டர் (ஸ்டீரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) குறைந்திருந்தால், காராக் நெடுஞ்சாலையின் வளைவுகளில் ஸ்டீரிங் தானாக நேருக்குத் திரும்பாமல் சோம்பும். 50 மில்லிமீட்டரே வேண்டுமென்றால், காஸ்டரைச் சரிசெய்யும் வகையில் வடிவமைத்த மேல் ஆர்ம்களையும் சேர்த்துப் போடுங்கள். பெரிய மாற்றமென்றால் ஜேபிஜே (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) விதிகளையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

செராஸ்வாசி:
அளந்தேன். இடப்பக்கம் 15, வலப்பக்கம் 18 மில்லிமீட்டர் மட்டுமே மிச்சம். ரப்பர் தடுப்பிலும் முட்டிய தழும்பு தெரிகிறது. சக்கரங்களைத் தொங்கவிட்டு, டோர்ஷன் பாரின் போல்ட்டுகளைத் தளர்த்தி, உயர்வை 25 மில்லிமீட்டருக்குக் குறைத்தபின் ஓசை நின்றுவிட்டது. அலைன்மெண்ட் இன்னும் பார்க்கவில்லை, சனிக்கிழமை போகிறேன்.

பட்டர்வொர்த் மெக்கானிக்:
போவதற்கு முன் சிறிது தூரம் ஓட்டி, இருபக்க உயரத்தையும் மறுபடி அளந்துகொள்ளுங்கள். உயரம் படியாமல் அலைன்மெண்ட் செய்தால் அந்தக் காசும் வீண்.