லோகியாவின் மூன்றணா: வாதமா, வித்தையா?

கடைசி பெஞ்சு:
1963 ஆகஸ்டில் நேரு அரசின் மீது எதிர்க்கட்சி எம்.பி. கிருபளானி கொண்டுவந்ததுதான் மக்களவையின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம். இடைத்தேர்தலில் ஜெயித்து அப்போதுதான் உள்ளே வந்திருந்த சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா ஒரே ஒரு கணக்கைத் தூக்கிப் போட்டார்: 27 கோடிப் பேர் நாளுக்கு மூன்றணாவில் (ரூபாய்க்கு 16 அணா) பிழைக்கிறார்கள், பிரதமருக்கு நாளுக்கு 25,000 ரூபாய் செலவு. எதிர்க்கட்சிப் பேச்சு என்றால் இது. அந்த விவாதத்தில் வேறு யார் என்ன பேசினார்கள் என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

கணக்குப்பிள்ளை:
ஞாபகம் இருந்தால் உண்மையாகிவிடுமா? ஆளுக்கு ஒரு நாள் வருமானம் என்று நேரு சொன்ன சராசரி 15 அணா. 27 கோடி என்பது அன்றைய மக்கள்தொகையில் 60 சதவீதம். இரண்டு எண்ணும் சரி என்றால், பத்தில் ஆறு பேருக்கு மொத்த வருமானத்தில் வெறும் 12 சதவீதம். மற்ற நாலு பேருக்கு ஆளுக்குச் சராசரி 33 அணா. நம்புகிற மாதிரியா இருக்கிறது? அந்த 25,000-மும் சம்பளம் இல்லை. பதவிக்கு ஆகும் செலவை மனிதர் தலையில் கட்டிய வேலை.

கடைசி பெஞ்சு:
சார், சராசரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது யார்? டாட்டாவையும் கூலிக்காரரையும் கூட்டி வகுத்தால் 15 அணா வரத்தான் செய்யும். லோகியா கேட்டது கீழே இருக்கிற 27 கோடியைப் பற்றி. அப்படிக் கேட்ட பிறகுதான் அரசுத் தரப்பு ஏழரை அணாவுக்கு இறங்கியது. சரிபாதி!

தென்காற்று:
அணாவைக் கவனித்தீர்களா? 1957-லேயே பைசா வந்துவிட்டது. 19 பைசா என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஏழையின் மடியில் முடிந்த காசு அணாதான் என்று அவருக்குத் தெரியும். அந்தக் காது எனக்குப் பிடிக்கும். ஆனால் அதே வாய்தான் பின்னால் இந்திரா காந்தியை ‘ஊமைப் பொம்மை’ என்றது. அது வாதமே இல்லை, வசவு.

அண்ணாவைப் பாருங்கள். 1962 மே 1, மாநிலங்களவையில் கன்னிப்பேச்சு. கேட்டதோ தனித் திராவிட நாடு; அந்த அவைக்கு அதைவிடக் கசப்பான கோரிக்கை கிடையாது. ஆனாலும் திராவிடன் என்பதால் வங்காளிக்கோ மராட்டியருக்கோ குஜராத்திக்கோ நான் எதிரி இல்லை என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்.

கடைசி பெஞ்சு:
அந்தக் கண்ணியத்துக்குக் கிடைத்த பரிசு? அடுத்த வருஷமே அரசியல் சட்டத்தில் 16-வது திருத்தம். பிரிவினை கேட்டுத் தேர்தலில் நிற்கவே வழியில்லாமல் போனது.

தென்காற்று:
லோகியாவுக்கு மட்டும் என்ன கிடைத்தது? தீர்மானத்துக்கு ஆதரவு 62, எதிர்ப்பு 347. ஓட்டை எண்ணினால் இரண்டு பேருமே தோற்றவர்கள்தான், அதை வைத்துப் பேச்சை அளக்க முடியாது. தவிர, கண்ணியமாகப் பேசியதற்காகவா திருத்தம் வந்தது? கோரிக்கைக்காக வந்தது.

கணக்குப்பிள்ளை:
எனக்கு இரண்டு பேரிலும் அண்ணாதான். லோகியாவின் கேள்வி நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதினைந்தை உடைக்க மூன்று வரை போயிருக்க வேண்டாம். ஆறணா என்றிருந்தால்கூட அரசுக்குப் பதில் சொல்ல முடிந்திருக்காது, எண்ணும் உண்மைக்குப் பக்கத்தில் இருந்திருக்கும்.

கடைசி பெஞ்சு:
ஆறணா என்றிருந்தால் நேரு எழுந்தே இருக்க மாட்டார் சார்.