ஜாக்சன் ஹைட்ஸில் ஒரு பெட்ரூம் வீடு: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நியூயார்க்கின் குயின்ஸில், ஜாக்சன் ஹைட்ஸ் பக்கம் ஒரு பெட்ரூம் வீடு வாடகைக்குத் தேடுகிறோம். நானும் மனைவியும் மட்டும்தான். 74ஆம் தெருவில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு நாலு எட்டு வைத்தால் திபெத்துக்காரர் மோமோ கடை, அடுத்து கொலம்பியா பேக்கரி. அந்த ஏரியாவே மனசுக்குப் பிடித்துவிட்டது.

நேற்று ஒரு வீடு பார்த்தோம். நல்ல வெளிச்சம், பழைய மரத்தரை. ஆனால் ரூஸ்வெல்ட் அவென்யூ மேல் 7ஆம் நம்பர் ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடுகிறது. போகப் போகப் பழகிவிடும் என்கிறார் புரோக்கர். அவருக்கென்ன, அவரா அங்கே தூங்கப் போகிறார்?

இப்போது பிரச்சினை கமிஷன். புரோக்கரை வைத்தது வீட்டுக்காரர். 2025 ஜூனில் வந்த சட்டப்படி, புரோக்கரை யார் வைத்தாரோ அவர்தான் கமிஷன் தர வேண்டும். இவரோ வேறு ஏதோ பெயர் சொல்லி ஒரு மாத வாடகையை எங்களிடம் கேட்கிறார். அட்வான்ஸ் ஒரு மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது தெரியும், அதில் தகராறு இல்லை.

யாராவது இப்படி மறுத்துப் பேசி, வீட்டையும் கைவிடாமல் வாடகைக்கு எடுத்திருக்கிறீர்களா? எப்படிப் பேசினீர்கள்? அப்புறம், வருஷச் சம்பளம் மாத வாடகையைப் போல 40 மடங்கு வேண்டுமாம். எங்களுக்குக் கொஞ்சம் குறைகிறது. ஜாமீன் போட இங்கே சொந்தம் யாரும் இல்லை, என்ன செய்யலாம்? வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.