குண்டிமான் பாட்டுக்கு நொட்டேஷன் கிடைக்குமா?

வணக்கம். மணிலா பக்கம் இருப்பவர்கள், அங்கே மருத்துவம் படிக்கும் தம்பி தங்கைகள் யாராவது குழுவில் இருந்தால் கொஞ்சம் உதவுங்கள்.

பிலிப்பைன்ஸின் குண்டிமான் பாடல்களை வயலினில் பழகி வருகிறேன். மூன்று எண்ணிக்கையில் மெதுவாக நடக்கும் காதல் பாட்டு. நிக்கானோர் அபெலார்தோ 1926-ல் இசையமைத்த 'முத்யா நாங் பாசிக்'கை விட்டு ஒரு மாதமாக என்னால் நகர முடியவில்லை. சோகச் சாயலுள்ள மைனர் ஸ்வர வரிசையில் ஏங்கி ஏங்கிப் போய், பாதிக்கு மேல் வெளிச்சமான மேஜருக்கு மாறும். பூட்டிக் கிடந்த வீட்டில் ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும். அந்தத் திருப்பத்தில் பியானோ என்ன செய்கிறது என்பதுதான் காதில் பிடிபடவில்லை. இவ்வளவையும் செய்துவிட்டு மனிதர் 41 வயதில் போய்விட்டார்.

பியானோவோடு சேர்ந்த நொட்டேஷன் அங்குள்ள பழைய புத்தகக் கடையிலோ இசைக் கல்லூரி நூலகத்திலோ கிடைக்குமா? ஃபிரான்சிஸ்கோ சாந்தியாகோவின் 'அனாக் தலிதா' (1917) கிடைத்தாலும் சந்தோஷம். நகல், தபால் செலவை நான் அனுப்பிவிடுகிறேன்.

பாட்டின் மொழியான தகாலோக் தெரிந்தவர்கள் வரிகளுக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் சொன்னால் பெரிய உதவி. பொருள் தெரியாமல் வில்லை எங்கே அழுத்துவது, எங்கே விடுவது?