லே-அப், விண்டரைசிங்: ஒரே சொல் போதுமா?

நெய்தல் எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பாய்மரப் படகில் நாடு நாடாகச் சுற்றுபவர்களைப் பற்றிய கட்டுரைத் தொடர் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். கரீபியக் கடலின் கிரெனடாத் தீவுக்கு வந்ததும் வேலை நின்றுவிட்டது. பயணப் பருவம் முடிந்ததும் படகைக் கரையேற்றி, பாய்களைக் கழற்றி, எஞ்சினைக் கழுவி, எல்லாவற்றையும் பூட்டிவிட்டு உரிமையாளர்கள் விமானம் ஏறி ஊருக்குப் போய்விடுகிறார்கள். புயல் பருவம் முடிந்த பிறகுதான் திரும்பி வருவார்கள். இந்த மொத்த ஏற்பாட்டையும் மூல ஆசிரியர் ஓரிடத்தில் ‘விண்டரைசிங்’ என்கிறார், இன்னோரிடத்தில் ‘லே-அப்’ என்கிறார். ‘குளிர்காலப்படுத்தல்’ என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே சகிக்கவில்லை. கை கொடுங்கள்.

சொல்லேர் எழுதியது:

அம்மா, ‘குளிர்காப்பு’ என்று வைத்துவிடுங்கள். தீக்காப்பு, வெள்ளக்காப்பு வரிசையில் இயல்பாக உட்காரும். ‘லே-அப்’ வரும் இடத்திலும் இதையே போடலாம். இரண்டும் ஒரே வேலைதானே?

கடலோடி எழுதியது:

ஐயாவின் சொல் நன்றாக இருக்கிறது. பால்டிக் கரைக்கும் அமெரிக்காவின் வடகிழக்குக் கரைக்கும் அதை அப்படியே எடுத்துக்கொள்வேன். அங்கே உறைபனிதான் எதிரி. நீர் உறைந்தால் கனஅளவில் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். எஞ்சினின் குளிர்நீர் வழியில் கொஞ்சம் நீர் தங்கிவிட்டாலும் வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும். அதனால் குழாய்கள் முழுவதிலும் உறைதடுப்பு நீர்மத்தை ஓடவிடுகிறார்கள். குளிர்காப்பு என்றால் அது குளிர்காப்புதான்.

கிரெனடா இருப்பது ஏறத்தாழ 12 பாகை வடக்கில். அங்கே படகை எந்தக் குளிரிலிருந்து காப்பது? அட்லாண்டிக்கில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம். அந்த மாதங்களில் படகு இன்ன அகலக்கோட்டுக்குத் தெற்கே இருக்க வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்கள் பல நிபந்தனை போடுகின்றன. அதனால்தான் கிரெனடாவிலும், அதற்கும் தெற்கே டிரினிடாடின் சகுவாராமஸ் விரிகுடாவிலும் படகுகள் வந்து குவிகின்றன. தெற்கே வந்துவிட்டால் தப்பித்தோம் என்றும் இருக்க முடியாது. 2004 செப்டம்பரில் ஐவன் புயல் கிரெனடாவின் படகுத் தளங்களில் நின்ற படகுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்தது. 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் கிரெனடா நாட்டைச் சேர்ந்த காரியகூ தீவில் கரை கடந்தது. சதுப்புநிலக் காட்டுக்குள் கட்டிவைத்த படகுகளும் தப்பவில்லை.

சகுவாராமஸில் நண்பர் ஒருவரின் படகுக்கு இந்த வேலையில் உதவியிருக்கிறேன். அங்கே நான் கண்ட எதிரிகள் காற்று, மழை, புழுக்கம், பூச்சி. காற்றுக்காகச் செய்வதுதான் பார்க்கத் தகுந்தது. படகின் இருபுறமும் முக்காலி போன்ற இரும்புத் தாங்கிகளை நிறுத்துகிறார்கள். தாங்கியின் தலைப்பலகை படகின் வயிற்றில் முழுதாகப் படியும்வரை திருகை ஏற்றி, பலகையைக் கையால் தட்டிப் பார்த்து, மறுபடி அரைச் சுற்று ஏற்றுகிறார்கள். பிறகு எதிரெதிர்த் தாங்கிகளை ஏராவுக்கு அடியில் சங்கிலியால் பிணைக்கிறார்கள். (கப்பலின் அடிமரத்துக்கு நம்மிடம் ‘ஏரா’ என்ற சொல் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் ஏன் ‘கீல்’ என்றே எழுதுகிறார்களோ தெரியவில்லை.) சங்கிலி இல்லாவிட்டால் படகு காற்றில் அசையும்போது தாங்கி மெல்ல மெல்ல வெளியே நகர்ந்துவிடும். மேல்தளத்திலிருந்து பட்டைகளை இறக்கித் தரையில் புதைத்த கொக்கிகளில் இறுக்குவது தனி. சில தீவுகளில் ஏரா இறங்கும் அளவுக்குக் குழி தோண்டி, படகையே அதில் இறக்கிவிடுகிறார்கள்.

முன்பாயைச் சுருட்டி அதன் இடத்திலேயே விட்டுவிட்டுப் போகக் கூடாது. புயலில் சுருள் ஒரு முழம் பிரிந்தால் போதும், அந்தப் பாயே படகைத் தாங்கியிலிருந்து தள்ளிவிடும். எல்லாப் பாய்களையும் நன்னீரில் அலசி, உலர்த்தி, மடித்து உள்ளே வைக்க வேண்டும்.

மழைநீர் இன்னும் நயவஞ்சகமானது. சுக்கான் பிடித்து உட்காரும் பள்ளத்தில் இரண்டு வடிகால்கள் இருக்கும். நாலு இலை வந்து அடைத்துக்கொண்டால் பள்ளம் நிறையும். நிறைந்தால் வாசற்படி தாண்டி அறைக்குள் இறங்கும். கடலில் ஓட்டை விழாத படகு கரையில் நின்றபடியே உள்ளுக்குள் மூழ்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். குழாய் வாய்களில் குளவி மண்கூடு கட்டும் என்பதால் எல்லாவற்றுக்கும் கம்பிவலை கட்ட வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டீசல் தொட்டியை முழுக்க நிரப்பிவிடுவார்கள். காலி இடம் இருந்தால் அதில் ஈரம் படிந்து, டீசலும் நீரும் சந்திக்கும் தளத்தில் நுண்ணுயிர்கள் வளரும். ஈய அமில பேட்டரி என்றால் முழு மின்னேற்றத்தில் விட்டுப் போக வேண்டும், லித்தியம் என்றால் பாதி அளவில். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவியின் சவ்வை சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசலில் ஊறவிட வேண்டும். அலமாரிக் கதவுகளைத் திறந்துவைத்து, மெத்தைகளைச் செங்குத்தாக நிறுத்தி, பூஞ்சைக்கு முன்கூட்டியே வினிகர் தொட்டுச் சுவர்களைத் துடைக்க வேண்டும். அட்டைப்பெட்டி ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. கரப்பான் முட்டை அதில்தான் ஒளிந்திருக்கும்.

இத்தனையிலும் குளிர் எங்கே வருகிறது? ஆள் இல்லாத காலத்தில் படகு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்படி செய்துவிட்டுப் போவதுதான் வேலை. சொல் அதைச் சொன்னால் போதும், பருவத்தின் பெயர் வேண்டாம். என் பரிந்துரை ‘ஏறக்கட்டல்’. இரவில் கடையை ஏறக்கட்டுகிறோம். இங்கே படகை உண்மையாகவே ஏற்றுகிறார்கள், உண்மையாகவே கட்டுகிறார்கள்.

சொல்லேர் எழுதியது:

கிரெனடாவைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். குளிர்காப்பு அங்கே செல்லாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘ஏறக்கட்டல்’ எனக்கு நெருடுகிறது. ‘கம்பெனியை ஏறக்கட்டிவிட்டான்’ என்றால் மொத்தமாக மூடிவிட்டான் என்றுதான் கேட்பவர் கொள்வார். படகை விற்றுத் தொலைத்துவிட்டார்கள் என்று வாசகர் நினைத்தால்? ‘கரையேற்றம்’ என்று சொன்னால் என்ன? தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கிறார்கள். நாளிதழ்களில் ஆண்டுதோறும் வரும் சொல் அது.

இன்னொன்று. பாய்களை எடுத்துவிடுவதற்குக் ‘கழற்றல்’ வேண்டாம். புறநானூறு 30ஆம் பாட்டில் ‘மீப்பாய் களையாது’ புகாருக்குள் புகுந்த பெருங்கலம் வருகிறது. ‘பாய் களைதல்’ என்று கைக்கு எட்டும் தொலைவில் சொல் இருக்கிறது.

கடலோடி எழுதியது:

‘பாய் களைதல்’ அருமை, ஐயா. உடனே எடுத்துக்கொள்ளலாம்.

‘கரையேற்றம்’ வேண்டும்தான், ஆனால் வேறு வேலைக்கு. படகைத் தூக்கி நீரிலிருந்து கரைக்குக் கொண்டுவரும் அந்த ஒரு செயலுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. அடிப்பகுதிக்கு வண்ணம் பூசக் கரையேற்றுவார்கள், வார இறுதிக்குள் மறுபடி இறக்கியும் விடுவார்கள். அதற்கு யாரும் மெத்தையை நிமிர்த்துவதில்லை, பேட்டரியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. சிலர் கரையேற்றாமல் துறையிலேயே கட்டிவைத்துவிட்டு ஊருக்குப் போகிறார்கள். அதுவும் லே-அப்தான். ஆகவே இரண்டு சொற்கள் தேவை.

‘ஏறக்கட்டல்’ நிரந்தர மூடலாகத் தொனிக்கிறது என்பதில் நியாயம் இருக்கிறது. முன்னால் ஒரு ‘பருவ’ சேர்த்துப் ‘பருவ ஏறக்கட்டல்’ என்று முதல் முறை எழுதிவிட்டு, பிறகு ‘ஏறக்கட்டல்’ என்று தொடரலாம். எந்தப் பருவம் என்று சொல்லாமலே, திரும்பத் திறப்பார்கள் என்பது விளங்கிவிடும். பருவத்தின் பெயர் வேண்டாம் என்றுதான் சொன்னேன், பருவமே வேண்டாம் என்று சொல்லவில்லை.

‘விண்டரைசிங்’ உறைபனி நாடுகளைப் பற்றி வரும்போது மட்டும் ஐயாவின் ‘குளிர்காப்பு’.

நெய்தல் எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“மே மாதக் கடைசியில் படகைக் கரையேற்றினார்கள். மறுநாள் காலை காற்று எழுமுன் பாய்களைக் களைந்தார்கள். ஏறக்கட்டல் முடிந்து, சாவியைத் தளக் காவலரிடம் கொடுத்துவிட்டு, குடிவரவு அலுவலகத்தில் ‘படகில் வந்தோம், விமானத்தில் போகிறோம், படகு இங்கேயே நிற்கும்’ என்று பதிந்துகொண்டு விமான நிலையம் போனார்கள்.”

தடுக்கவில்லை என்றே தோன்றுகிறது. இன்னும் ஒன்று பாக்கி. பாய் ஏற்றும் கயிறு வெயிலில் இற்றுப்போகாமல் இருக்க, அதன் முனையில் ஒரு மெல்லிய கயிற்றைத் தைத்து, பாய்மரத்துக்குள் இழுத்து விட்டுவிட்டு, தடித்த கயிற்றை உருவி உள்ளே வைத்துவிடுகிறார்களாம். திரும்பி வந்ததும் மெல்லியதைக் கொண்டு தடித்ததை மறுபடி உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அந்த மெல்லிய கயிற்றுக்கு என்ன சொல்வது? ஆங்கிலத்தில் ‘மெசஞ்சர் லைன்’. ‘தூதுக்கயிறு’ என்று நேரடியாக வைக்க மனம் வரவில்லை.

கடலோடி எழுதியது:

பாய் ஏற்றும் கயிறு ‘ஆஞ்சான்’, அதை முதலில் திருத்திவிடுங்கள். மெல்லியதற்குப் பாவாடைக்கு நாடா கோப்பதை நினைத்துப் பாருங்கள், அதே வேலைதான். ‘கோப்புக்கயிறு’ என்று சொல்லலாமா?

சொல்லேர் எழுதியது:

‘கோப்பு’ என்றதும் அலுவலகக் கோப்புதான் நினைவுக்கு வரும். ‘கோவைக்கயிறு’ என்றால் கோயம்புத்தூர்க் கயிறு என்பார்கள். ‘இழுகயிறு’ என்று வையுங்கள் அம்மா, படிப்பவர் யோசிக்கவே வேண்டியதில்லை.

நெய்தல் எழுதியது:

‘இழுகயிறு’ போட்டுவிட்டேன். அடுத்த பகுதியில் எஞ்சினுக்குக் கடல்நீரை இழுக்கும் பம்புக்குள் இருக்கும் ரப்பர் இதழ்ச் சக்கரம் வருகிறது. இதழ்கள் வளைந்தபடியே இறுகிவிடக் கூடாது என்று ஏறக்கட்டும்போது அதையும் கழற்றி வைக்கிறார்களாம். இப்போதைக்கு ‘இம்பெல்லர்’ என்றே விட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது நல்ல சொல் தந்தால் மாற்றிவிடுவேன்.