நிலநடுக்கத்துக்குப் பின் கிராமங்களில் அரசு எதை முதலில் சீரமைக்க வேண்டும்? கட்ச் அனுபவம் குறித்து ஒரு கேள்வி

வயல்வரப்பு:
2001 ஜனவரி 26 அன்று கட்ச் மாவட்டத்தை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு குஜராத் அரசு மேற்கொண்ட சீரமைப்புப் பணிகளைப் பற்றிப் படித்து வருகிறேன். கிடைக்கும் கட்டுரைகளில் பெரும்பாலானவை வீடுகளுக்கான உதவித்தொகையோடு நின்றுவிடுகின்றன. குடிநீர், ஏரிக்கரை, பள்ளிக்கூடம், சுகாதார நிலையம் ஆகியவை இல்லாமல் புது வீட்டில் மட்டும் ஒரு குடியானவக் குடும்பம் எப்படிப் பிழைக்க முடியும்? பொதுப் பணிகளில் எதற்கு அவசரம் அதிகமாக இருந்தது? வீட்டைக் கட்டித் தராமல் பணமாகக் கொடுத்தது சரியான முடிவுதானா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மண்கரை:
அவசரம் என்று கேட்டால் அணைகளைத்தான் சொல்வேன். கட்ச் வறண்ட நிலம். வற்றாத ஆறு அங்கே இல்லை. ஆண்டில் சில நாட்களே பெய்யும் மழையைத் தேக்கிவைக்கும் மண் அணைகளை நம்பித்தான் அன்று கிராமங்கள் இருந்தன. சாங், சிவ்லகா, தப்பர், ருத்ரமாதா முதலான பல அணைகள் அன்று சேதமடைந்தன. அடியில் ஈரத்தோடு இருந்த மணல் அதிர்வில் குழம்பாகிப் பிடிமானத்தை இழந்ததால், கரையின் நீர்ப்புறச் சரிவு வழுக்கி இறங்கி, மேற்பரப்பில் நீளவாக்கில் வெடிப்புகள் விழுந்தன. அதற்கு முன் மழை பொய்த்திருந்ததால் பெரும்பாலான நீர்த்தேக்கங்களில் தண்ணீர் குறைவாகவே இருந்தது. நிரம்பியிருந்தால் உடைப்பெடுத்த வெள்ளமும் ஊர்களைத் தாக்கியிருக்கும்.

ஆனால் ஜூன் மாதத்தில் பருவமழை வந்துவிடும். வீடு கட்டும் வரை மக்கள் தற்காலிகக் கொட்டகையில் இருக்கலாம். வெடித்த கரை மழைக்காகக் காத்திருக்க முடியாது. ஆகவே மழைக்கு முன் அவசரப் பழுதுபார்ப்பு, நிலையான வலுப்படுத்தல் அதன் பிறகு என்று அரசு எடுத்த முடிவு மிகச் சரியானது என்பது என் உறுதியான கருத்து.

செங்கல்சூளை:
பணமாகக் கொடுத்தது குறித்து எழுதுகிறேன். 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களில் நேர்ந்த நிலநடுக்கத்துக்குப் பின், மிகவும் பாதிக்கப்பட்ட 52 கிராமங்கள் முழுமையாக வேறிடத்துக்கு மாற்றப்பட்டு, வீடுகள் கட்டியே தரப்பட்டன. அகன்ற நேர்த்தெருக்களோடு அமைந்த அந்தப் புதிய ஊர்களில், வயல் தொலைவாகிவிட்டது என்பதும், மாடு கட்டவும் தானியம் சேர்க்கவும் வசதி போதவில்லை என்பதும் மக்களின் நெடுநாள் குறையாக இருந்தன.

கட்ச்சில் பெரும்பாலான கிராமங்கள் இடம்பெயர மறுத்துவிட்டன. 2001 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட குஜராத் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம், சேதத்தை ஜி1 (சிறு வெடிப்பு) முதல் ஜி5 (முழு இடிபாடு) வரை தரம் பிரித்து, இடிந்த வீடுகளுக்கான உதவியை 40, 40, 20 விழுக்காடு எனத் தவணைகளாக வழங்கியது. இன்ன கட்டம் வரை முறையாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று பொறியாளர் பார்த்துச் சான்றளித்த பிறகே அடுத்த தவணை கிடைத்தது. அதனால் லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு, ஜன்னல்களுக்கு மேலே, சுவர்களைச் சுற்றிப் பிணைக்கும் கான்கிரீட் பெல்ட் போடாமல் யாரும் எளிதில் மேலே போக முடியவில்லை. கொத்தனார்களுக்குப் பயிற்சியும், சிமெண்டுக்குச் சலுகை விலையும் சேர்ந்திருந்ததால்தான் இந்த முறை வென்றது. இந்தத் துணைகள் இல்லாமல் பணத்தை மட்டும் கொடுத்தால், இடிந்த வீட்டைப் போலவே இன்னொரு வீடுதான் எழும்பும்.

கூலிக்காரன்மகள்:
செங்கல்சூளை ஐயா சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் பணம் யார் கைக்குப் போனது என்பதையும் பார்க்க வேண்டும். லாத்தூரில் நிலமற்றவருக்கும் மிகச் சிறு விவசாயிக்கும் 250 சதுர அடி, நடுத்தர விவசாயிக்கு 400, ஏழு ஹெக்டேருக்கு மேல் வைத்திருந்தவருக்கு 750 என்று நிலத்தின் அளவைப் பார்த்தே வீட்டின் அளவு முடிவாயிற்று. கட்ச்சிலும் பழைய வீட்டின் பரப்பும் வகையும் உதவியைத் தீர்மானித்தன. முன்பு குறைவாக இருந்தவருக்கு நிவாரணமும் குறைவாகவே வந்தது என்பது எனக்குப் பெரும் வேதனை தருகிறது. வாடகைக்குக் குடியிருந்தவர்களும் ஆவணமில்லாதவர்களும் இதைவிடக் கடினமான நிலையில் இருந்தார்கள்.

பொதுக் கிணறும் பள்ளிக்கூடமும் அங்கன்வாடியும் பட்டா கேட்பதில்லை. அதனால் அவற்றை வீட்டுக் கணக்குக்குப் பின்னால் தள்ளக்கூடாது. லாத்தூர் சீரமைப்பில் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் பின்னர் கட்ச்சுக்கே சென்று அங்குள்ள பெண்களோடு அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அப்படிப்பட்டவர்களைத் தண்ணீர், பள்ளி வேலைகளின் கண்காணிப்பிலும் தொடக்கத்திலிருந்தே சேர்த்திருக்க வேண்டும்.

வயல்வரப்பு:
மூவருக்கும் நன்றி. அம்மா குறிப்பிட்ட பள்ளிக்கூடம் பற்றி ஒன்று. அஞ்சார் நகரில் குடியரசு நாள் ஊர்வலமாகச் சென்ற மாணவர்கள், குறுகிய தெருவில் இருபுறமும் கட்டிடங்கள் சரிந்து உயிரிழந்தார்கள். பள்ளியை மட்டும் உறுதியாகக் கட்டிவிட்டு, அதற்குப் போகும் தெருவை விட்டுவிட்டால் என்ன பயன்? இருந்த இடத்திலேயே திரும்பக் கட்டிய கிராமங்களில் தெருக்களை அகலப்படுத்த மனை விட்டுக்கொடுத்தவர்களுக்கு என்ன ஏற்பாடு செய்யப்பட்டது என்பதை, நேரில் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.