பித்தநாளப் புற்றுநோய்: மாமனாரை மருந்து ஆய்வில் சேர்க்க முடியுமா? எங்கே தேடுவது?

கட்டபெட்டு மருமகள்:
வணக்கம். என் மாமனாருக்குப் பித்தநாளத்தில் புற்றுநோய். கல்லீரலுக்குள்ளேயே தொடங்கியது என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. ஆபரேஷனுக்கு வழியில்லை என்று கோயம்புத்தூரில் சொல்லிவிட்டார்கள். ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துகள் ஏறிக்கொண்டிருக்கின்றன, ஆனால் போன ஸ்கேனில் கட்டி சற்றுப் பெரிதாகியிருக்கிறது. "டிரயல் ஏதாவது நடக்கிறதா என்றும் பாருங்கள்" என்றார் டாக்டர். எங்கே பார்ப்பது என்று நான் கேட்பதற்குள் அடுத்த பேஷண்ட் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

இந்தியாவில் நடக்கும் டிரயல்களைப் பதியும் சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டை இணையத்தில் திறந்து பார்த்தேன். நோயின் பெயரைப் போட்டால் ஏதேதோ வருகிறது, பாதி முடிந்துபோனவை. மாமாவோ, "என்னை எலியாக்கப் பார்க்கிறாயா?" என்று சிரிக்கிறார். இன்னும் காலையில் தோட்டத்துக்குப் போய்க் கொழுந்து பார்த்துவிட்டுத்தான் கஞ்சி குடிப்பார். எங்கிருந்து தொடங்குவது?

குந்தா குளிர்:
டிரயல் எல்லாம் வேண்டாம் அக்கா. பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரைதான் கொடுப்பார்களாம். எனக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவர் கல்லீரலுக்கு நல்ல கஷாயம் தருகிறார், வேண்டுமானால் கேட்டுச் சொல்கிறேன்.

ஆய்வு ஒருங்கிணைப்பாளர்:
தம்பி, நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள், ஆனால் கஷாயம் இப்போது வேண்டாம். சில மூலிகைகள் கல்லீரலைத் தாக்கும். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் எண்கள் ஏறினால் கீமோவே நின்றுபோகும், டிரயலிலும் எடுக்க மாட்டார்கள்.

மாவு மாத்திரை விஷயம் பாதி உண்மை. இதே நோய்க்கு நடந்து 2022-இல் முடிவு வெளியான டோபாஸ்-1 ஆய்வில் இரண்டு பிரிவுக்கும் ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் கிடைத்தது. அதோடு ஒரு பிரிவுக்கு டுர்வாலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து, இன்னொன்றுக்குப் போலி மருந்து. அதாவது யாரும் வெறுங்கையோடு விடப்படவில்லை. ஐவோசிடெனிப் என்ற மாத்திரைக்கு நடந்த ஆய்வில் ஒரு பிரிவுக்குப் போலி மாத்திரை மட்டும்தான். ஆனால் நோய் வளர்ந்தால் உண்மையான மருந்துக்கு மாறிக்கொள்ளலாம் என்று முதலிலேயே எழுதியிருந்தார்கள். ஆகவே எந்த டிரயலிலும் கேட்க வேண்டியது: "எந்தப் பிரிவில் விழுந்தாலும் என்ன மருந்து கிடைக்கும்? நோய் வளர்ந்தால் மாற்றுவீர்களா?"

தங்கச்சி, உங்களுக்கு: பதிவேட்டைக் கொஞ்சம் மூடி வைத்துவிட்டு மாமாவின் ஃபைலைத் திறங்கள். பயாப்ஸி எடுத்த லேபில் பாரஃபின் ப்ளாக் இருக்கும், சின்ன மெழுகுக் கட்டிக்குள் சதைத் துணுக்கு. அதை எழுத்தில் கேட்டு வாங்கலாம். அதில் மரபணுப் பரிசோதனை (என்.ஜி.எஸ். என்று கேளுங்கள்) செய்தார்களா என்று பாருங்கள். கல்லீரலுக்குள் தொடங்கும் வகையில்தான் எஃப்.ஜி.எஃப்.ஆர்.2, ஐ.டி.எச்.1 என்ற மரபணுக்களில் மாற்றங்கள் அதிகம். முதலாவதற்குப் பெமிகாடினிப் என்ற மருந்துக்கு 2020-லும், இரண்டாவதற்கு ஐவோசிடெனிபுக்கு 2021-லும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும் ஹெர்2, எம்.எஸ்.ஐ. என்ற வேறு இரண்டு அடையாளங்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். துணுக்கு போதவில்லை என்றால் ரத்தத்தில் செய்யும் பரிசோதனையும் உண்டு. இந்த ரிப்போர்ட் இல்லாமல் தேடினால் நூறு கதவைத் தட்டி நூறிலும் "ரிப்போர்ட் எங்கே?" என்பார்கள்.

அப்புறம் தேடல். ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். இந்த நோயின் மருத்துவப் பெயரான கோலாஞ்சியோகார்சினோமா மட்டும் போதாது. பிலியரி டிராக்ட் கேன்சர் என்றும் போடுங்கள், மரபணு மாற்றம் தெரிந்தால் அந்தப் பெயரையும் போடுங்கள். பல ஆய்வுகள் "சாலிட் டியூமர்" (கட்டியாக வளரும் புற்றுநோய்கள்) என்ற பொதுத் தலைப்பில் ஒளிந்திருக்கும். ஒவ்வொரு பதிவிலும் இந்தியாவில் ஆள் சேர்ப்பு நடக்கிறதா என்ற வரியை முதலில் பாருங்கள். நடக்கவில்லை என்றால் மேலே படிக்காதீர்கள். அதே பதிவில் எந்த மருத்துவமனை, யாரைக் கேட்பது என்று தொலைபேசியோடு இருக்கும். நீங்களே பேசலாம், உங்கள் டாக்டர் பேசினால் இன்னும் சீக்கிரம் நடக்கும்.

"சேர்த்துவிடுகிறேன், பணம் கட்டு" என்று யாராவது சொன்னால் போனை வையுங்கள்.

கட்டபெட்டு மருமகள்:
ரொம்ப நன்றி அக்கா. மரபணு ரிப்போர்ட் இல்லை, எம்.ஆர்.சி.பி. என்ற பித்தநாள ஸ்கேனின் சி.டி. தட்டு மட்டும் இருக்கிறது. பித்தம் வடிவதற்காகப் பித்தநாளத்தில் பிளாஸ்டிக் ஸ்டென்ட் (சின்னக் குழாய்) வைத்திருக்கிறார்கள். ரத்தத்தில் மஞ்சள் காமாலை அளவைக் காட்டும் பிலிருபின் போன வாரம் 4-க்கு மேல். நேற்று ராத்திரி மாமாவுக்கு உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கியது. மலைக் குளிர்தானே என்று அத்தை இரண்டு கம்பளி போர்த்திவிட்டார்கள். காலையில் சரியாகிவிட்டது, கண் மட்டும் கொஞ்சம் மஞ்சள்.

ஆய்வு ஒருங்கிணைப்பாளர்:
தங்கச்சி, இது குளிர் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டென்ட் இருப்பவருக்கு நடுக்கம், மஞ்சள் இரண்டும் சேர்ந்தால் ஸ்டென்ட் அடைத்துப் பித்தநாளத்தில் சீழ் பிடித்திருக்கலாம். காலையில் சரியானதை நம்பாதீர்கள். நாளைக் காலை பஸ் பிடித்துக் கோயம்புத்தூர் இறங்கலாம் என்று நினைக்காதீர்கள். இப்போதே பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போய் "ஸ்டென்ட் வைத்தவர், கீமோ ஓடுகிறது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அங்கிருந்து ஆம்புலன்ஸில் இறக்கட்டும். டிரயல் எங்கும் ஓடிப்போகாது.

பர்லியார் ராஜன்:
அக்கா சொன்னதுதான். என் அண்ணன் சென்னையில் ஒரு டிரயலில் இருக்கிறார். மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது சென்ட்ரல். புற்றுநோயாளிக்குச் சிகிச்சைக்குப் போகும்போது ஸ்லீப்பரில் டிக்கெட் இலவசம், கூட வருபவருக்கும் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கான சான்றிதழில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் எந்த நாட்களில் வர வேண்டும், போக்குவரத்துச் செலவு தருவார்களா என்று சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேளுங்கள். எங்களுக்குத் தமிழிலேயே படிவம் கொடுத்தார்கள், ஒரு பிரதி நம்மிடம் இருக்கும். அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லோரும் படித்த பிறகுதான் போட்டார். வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், பழைய சிகிச்சை நிற்காது.

கட்டபெட்டு மருமகள்:
கோயம்புத்தூரில் சேர்த்துவிட்டோம். சீழ்தான். ஸ்டென்ட் மாற்றி ஆன்டிபயாடிக் ஏறுகிறது, மாமா இப்போது டீ கேட்கிறார். பிலிருபின் இறங்காமல் டிரயலுக்கு எழுத முடியாதாமே?

ஆய்வு ஒருங்கிணைப்பாளர்:
ஆமாம், பல ஆய்வுகளில் பிலிருபின் இயல்பான அளவின் மேல் வரம்பைப்போல் ஒன்றரை மடங்குக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். தொற்று தீர்ந்திருக்க வேண்டும், கடைசிக் கீமோவிலிருந்து சில வாரம் இடைவெளியும் கேட்பார்கள். அந்த நாட்களை வீணாக்காதீர்கள். ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறீர்களே, டிஸ்சார்ஜுக்கு முன் ப்ளாக்குக்கு விண்ணப்பம் கொடுத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். ரிப்போர்ட் வர வாரக்கணக்கில் ஆகும். ஸ்கேன் சி.டி.யில் படங்கள் திறக்கின்றனவா என்று அங்கேயே கணினியில் போட்டுப் பாருங்கள், சில நேரம் வெறும் தட்டைக் கொடுத்துவிடுவார்கள். மாமா தோட்டத்துக்கு நடந்து போகிறவர் என்பதை டாக்டரிடம் சொல்லி எழுத வையுங்கள். தன் வேலையைத் தானே செய்யும் அளவுக்கு உடல்நிலை இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.