கொழுப்புப் பால்மமா, ஏற்றுகொழுப்பா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சிரை எனும் ரத்தக் குழாயில் ஏற்றும் கொழுப்பு மருந்துக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். வந்த மடல்களை எல்லாம் இரண்டு முறை படித்தேன். பெரும்பாலோர் ‘சிரைவழிக் கொழுப்புப் பால்மம்’ (பால்மம் என்றால் எமல்ஷன்) போதும் என்கிறீர்கள். எனக்கு அது போதவில்லை. ஏன் என்று சொல்ல, வார்டில் நடந்த ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது.

மதுரையில் பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் செவிலியர். மாதம் நிறையாமல் பிறந்த ஒரு பெண் குழந்தை, எடை 1,200 கிராம். குடல் இன்னும் முழுப் பாலைத் தாங்காது. அதனால் வாய்வழியாக இரைப்பைக்குப் போகும் மெல்லிய குழாயில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மில்லி தாய்ப்பால். கையில் உள்ள சிரையில் இன்னொரு குழாய். சிரிஞ்சு பம்பிலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு திரவம் அதன் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த பாட்டி இரண்டு குழாய்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டிலும் தன் மகளின் பால்தான் போகிறதா என்று கேட்டார். இல்லை பாட்டி, இது கொழுப்புப் பால்மம் என்று, எங்கள் விளக்கத்தாளில் இருந்த சொல்லையே சொன்னேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. வெளியே போய் மகளிடம், “ரத்தத்திலும் பாலைத்தான் ஏற்றுகிறார்கள், ஏதோ கொழுப்புப் பாலாம்” என்றார்.

அந்தத் தாளை எழுதியவள் நான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பால் சிரைக்குள் போனால் உயிரே போகலாம். இது என் கற்பனைப் பயம் அன்று. வயிற்றுக்குப் போக வேண்டிய உணவு தவறிச் சிரைக் குழாயில் இணைக்கப்பட்ட விபத்துகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. உணவுக் குழாயின் முனை சிரைக் குழாயின் முனையோடு பொருந்தவே கூடாது என்று ஐ.எஸ்.ஓ. 80369 என்ற பன்னாட்டுத் தரநிலைத் தொடரில் தனி வடிவ இணைப்புகள் வகுக்கப்பட்டதற்கு இத்தகைய விபத்துகளே காரணம். குழாயின் முனையையே மாற்றியிருக்கிறார்கள் என்றால், சொல்லின் முனையை நாம் மாற்றக் கூடாதா?

பால்மம் தவறான சொல் என்று நான் சொல்லவில்லை. எண்ணெய் நுண்துளிகளாக நீரில் பரவி நிற்கும் நிலைக்குப் பள்ளிப் பாடநூல் தந்த சொல் அது. பித்தநீர் கொழுப்பைப் பால்மமாக்குகிறது என்று படித்துத்தான் நாமெல்லாம் வந்தோம். வகுப்பறையில் அது அப்படியே இருக்கட்டும். ஆனால் காது ‘மம்’ என்ற விகுதியைக் கேட்பதில்லை, ‘பால்’ என்பதைத்தான் கேட்கிறது. அதிலும் எங்கள் ஊரில் வெள்ளையாக, குடிக்கத் தக்கதாக இருப்பதெல்லாம் பால். தேங்காய்ப்பால் எல்லா ஊரிலும் உண்டு. மதுரைத் தெருக்களில் சாயங்காலமானால் பருத்திப்பால் வண்டியும் நிற்கும். பால் என்றால் தொண்டைக்குள் இறங்குவது. அந்தச் சொல்லைச் சிரையில் ஏற்றும் புட்டியின் மேல் ஒட்டக் கூடாது.

(பருத்தி என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்த மருந்தின் தொடக்கக் கால வடிவம் ஒன்று பருத்திக்கொட்டை எண்ணெயில்தான் செய்யப்பட்டது. அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து, கடுமையான பக்கவிளைவுகளால் 1960களில் கைவிடப்பட்டது. அதே காலத்தில் சுவீடனில் ஆர்விட் ரெட்லிண்ட் சோயா எண்ணெயை முட்டை மஞ்சள் கருவில் உள்ள பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்புப் பொருளால் நுண்துளிகளாக நிலைக்க வைத்தார். அதுதான் இன்ட்ராலிப்பிட் என்ற மருந்து. அமெரிக்கா அதை ஏற்க 1975 ஆயிற்று.)

மருந்தாளுநர் தம்பி ‘கொழுப்புக் குழம்பு’ என்று எழுதியிருந்தார். சித்த மருத்துவத்தில் அகத்தியர் குழம்பு இருப்பது உண்மைதான் தம்பி; ஆனால் அதுவும் பெரும்பாலும் வாயால் உண்பதே. ‘சிரைக்கொழுப்பு’ என்ற யோசனை இன்னும் கெடுதல். ரத்தக் குழாயில் கொழுப்பு என்றாலே நம் மக்கள் மாரடைப்பை நினைத்துக்கொள்வார்கள்.

என் யோசனை இது. சொல் எங்கிருந்து வர வேண்டும் என்றால், மக்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் வினையிலிருந்து. மேலூரிலும் அலங்காநல்லூரிலும் யாரும் குளுக்கோஸ் ‘ஊட்டினார்கள்’ என்று சொல்வதில்லை. குளுக்கோஸ் ஏற்றினார்கள், ரத்தம் ஏற்றினார்கள் என்றுதான் சொல்கிறார்கள். ஊட்டுவது வாய்க்கு, ஏற்றுவது ரத்தத்துக்கு. வழி எது என்பதை வினையே சொல்லிவிடுகிறது. படிக்காத பாட்டிக்கும் அதில் குழப்பம் இல்லை. நாம்தான் ‘சிரைவழி ஊட்டம்’ என்று எழுதி அந்த வேலியைப் பிடுங்கிப் போட்டோம்.

ஆகவே ‘ஏற்றுகொழுப்பு’. குடிநீர், ஊறுகாய் போல வினைத்தொகை. விளக்கத்தாளில் முதல் முறை வரும்போது ‘ரத்தக் குழாயில் ஏற்றும் கொழுப்புச்சத்து’ என்று விரித்து எழுதி, பிறகு ஏற்றுகொழுப்பு என்று சுருக்கலாம். மாவுச்சத்து, புரதச்சத்தோடு சேர்த்துச் சொன்னால் கொழுப்பு என்ற சொல் யாரையும் மிரட்டாது. 20 சதவீத ஏற்றுகொழுப்பில் ஒரு மில்லிக்கு 2 கலோரி கிடைக்கிறது. மூளை வளரத் தேவையான, உடம்பு தானே செய்துகொள்ள முடியாத கொழுப்பு அமிலங்களும் கிடைக்கின்றன. அந்தக் குழந்தைக்கு அது மருந்து மட்டுமா, சாப்பாடும் அதுதான்.

இன்னும் இரண்டு சொற்கள் வேண்டும். புட்டியின் மேற்புறம் வெண்மை திரண்டு நிற்பது ஒரு நிலை. மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் மீண்டும் கலந்துவிடும். இதற்கு ‘ஆடை கட்டுதல்’ என்பதே பொருத்தம். அடுத்தது ஆபத்தானது: துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, மஞ்சளாக எண்ணெய் தனியே மிதப்பது. எவ்வளவு ஆட்டினாலும் பழைய நிலைக்கு வராது, கொட்டிவிடத்தான் வேண்டும். துளியின் சராசரி விட்டம் அரை மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டும் என்பது விதி. 5 மைக்ரானைத் தாண்டிய துளிகள் நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கிக்கொள்ளும். இந்த நிலைக்கு ‘எண்ணெய் பிரிதல்’ என்றே சொல்லலாம். ஆனால் ஒரு தயக்கம். நம் அடுப்படியில் எண்ணெய் பிரிந்து வந்தால் குழம்பு பதமாகிவிட்டது என்று பொருள். நல்ல அறிகுறி. வார்டில் அதுவே கெட்ட அறிகுறி. என்ன செய்வது, சொல்லுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
செல்லூரிலிருந்து ஒரு செவிலியர்

*

அம்மா, வணக்கம்.

பால்மத்துக்காக வாதாடி முதல் மடல் எழுதியவன் நான்தான். முப்பது ஆண்டுகள் திருமங்கலத்தில் வேதியியல் கற்பித்தவனுக்கு அந்தச் சொல்லை விட மனம் வராது. ஆனால் உங்கள் பாட்டியின் கதையைப் படித்த பிறகு புட்டியின் மேல் அதை ஒட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விட்டுவிடுகிறேன்.

ஏற்றுகொழுப்பில் ஒரே ஐயம். வினைத்தொகையில் வலி மிகாது, அதாவது நடுவே ‘க்’ வராது என்பது சரி. ஆனால் மக்கள் நாக்கு இலக்கணம் பார்ப்பதில்லை. ஆட்டுகல்லை எல்லோரும் ஆட்டுக்கல் என்றுதான் சொல்கிறோம். இதுவும் ‘ஏற்றுக்கொழுப்பு’ ஆகி, ஏற்றுக்கொள்வது போலக் காதில் விழுமே?

எண்ணெய் பிரிதலை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பெண்களுக்கும், சமைக்கத் தெரிந்த எல்லா ஆண்களுக்கும் கண்ணால் கண்டறியத் தெரிந்த ஒரே வேதியியல் அது. நல்லதா கெட்டதா என்பதைப் பக்கத்தில் ஒரு வரி சொல்லிவிடும். கண்ணுக்குத் தெரிந்த ஒன்றுக்குப் புதுச் சொல் செய்தால் கண்ணையும் இழப்போம்.

*

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் விட்டுக்கொடுப்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

வலி மிகுந்து ஒலித்தாலும் எனக்குக் கவலை இல்லை. எழுத்தில் மிகாமல் எழுதுவோம். வாயில் எப்படி வந்தாலும் அது பாலாக மாறாது. எனக்கு அதுவே போதும்.

நீங்கள் சொன்னபடி விளக்கத்தாளைத் திருத்திவிட்டேன். பெற்றோருக்கான பகுதி இப்போது இப்படி இருக்கிறது. சொற்களை மட்டும் பாருங்கள்:

“உங்கள் குழந்தைக்கு ரத்தக் குழாயில் ஏற்றும் கொழுப்புச்சத்து (ஏற்றுகொழுப்பு) கொடுக்கப்படுகிறது. பார்க்க வெள்ளையாக இருக்கும்; இது பால் அன்று. குடும்பத்தில் யாருக்காவது முட்டை, சோயா, மீன் ஒவ்வாமை இருந்தால் இப்போதே சொல்லுங்கள். முதல் நாள் கிலோவுக்கு ஒன்று அல்லது இரண்டு கிராம் அளவில் தொடங்கி, ரத்தத்தில் கொழுப்பு தேங்குகிறதா என்று பரிசோதித்துக்கொண்டே மெல்லக் கூட்டுவோம். குழாயின் நடுவே இருப்பது 1.2 மைக்ரான் வடிகட்டி; அதைத் தொட வேண்டாம். வெளிச்சம் படாமல் குழாயைச் சுற்றி வைத்திருக்கிறோம். பிரித்துப் பார்க்க வேண்டாம். சிரிஞ்சிலோ புட்டியிலோ மஞ்சளாக எண்ணெய் பிரிந்து மிதந்தால், குழம்பில் அது நல்லது, இங்கே அது கெட்டது. உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள்.”

1,200 கிராம் குழந்தைக்கு கிலோவுக்கு ஒரு கிராம் என்றால், 20 சதவீதப் புட்டியிலிருந்து ஒரு நாள் முழுவதற்கும் ஆறு மில்லிதான், மணிக்குக் கால் மில்லி. பம்பு நகர்வதே கண்ணுக்குத் தெரியாது. “ஏறவே இல்லையே” என்று பெற்றோர் பதறுகிறார்கள். அதையும் ஒரு வரி சேர்க்க வேண்டும். ‘மெதுவாக ஏறும்’ என்று எழுதட்டுமா, ‘சொட்டுச் சொட்டாக ஏறும்’ என்று எழுதட்டுமா? பம்பில் சொட்டு விழாது என்பதால் கேட்கிறேன் ஐயா.